மகப்பேறு மருத்துவரைத் தீர்மானிக்கும் தேர்வு: தகுதி எவருடையது, பயன் எவருக்கு?

குமாரலிங்கபுரம் போன்ற கரிசல் சிற்றூரின் காலனியிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை 108 வண்டியில் ஏற்றும்போது உடன்செல்வோர் கேட்கும் முதல் கேள்வி, "பெரிய டாக்டரம்மா இருக்காங்களா?" என்பதுதான். இயல்பான பிரசவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே பார்த்துவிடுவார். இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ அறுவை செய்யத் தெரிந்த மகப்பேறு மருத்துவர் வேண்டும். அருப்புக்கோட்டையில் அப்படி ஒருவர் பணியில் இல்லாத இரவில், மதுரை சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்த இரவில் அவர் இருப்பதும் இல்லாததும் யார் சிறப்பு மருத்துவராகலாம் என்பதை முடிவுசெய்யும் தேர்வு விதிகளையும் சார்ந்தது. அவ்விதிகளை நாம் அறிந்திருப்பது அவசியம்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் மகப்பேறு மற்றும் மகளிர் நலத் துறையில் எம்.எஸ். பட்டம் பெற இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது, முதுநிலை நீட். 200 வினாக்கள்; சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறைப்பு; மொத்தம் 800. மகப்பேற்றுக்கெனத் தனித் தேர்வு கிடையாது. எல்லாத் துறைகளுக்கும் ஒரே தேர்வு. தரவரிசையே துறையையும் கல்லூரியையும் முடிவுசெய்கிறது. இரண்டாவது, மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பின் வரும் இறுதித் தேர்வு. எழுத்துத் தாள்களோடு, நோயாளியைப் பரிசோதித்து விளக்கும் செய்முறையும் வாய்மொழித் தேர்வும் அதில் உண்டு. இதில் தேர்ச்சி மதிப்பெண் எல்லாச் சாதியினருக்கும் ஒன்றே.

"இடஒதுக்கீட்டில் வந்த மருத்துவரிடம் அறுவைக்குப் படுப்பீர்களா?" என்று கேட்போர் இந்த இரண்டு வாயில்களையும் ஒன்றாகக் குழப்புகின்றனர். முதல் வாயில் இடங்களைப் பங்கிடுகிறது. அறுவை செய்யும் திறனை மூன்றாண்டுப் பயிற்சி வளர்க்கிறது. இரண்டாம் வாயில் சோதிக்கிறது. ஆயினும், 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. நுழைவில் பட்டியல் சாதியினருக்கும் பொதுப் பிரிவினருக்கும் இடையே தகுதி மதிப்பெண் வேறுபாடு பெரிதாக இருந்தால் கல்வித் தரம் கெடும் என்றது.

இதன் மறுபக்கத்தை 2023 காட்டியது. முதுநிலை நீட் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 50, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு 40 பர்சென்டைல் என்பதே வழக்கமான தகுதி வரம்பு. 50 பர்சென்டைல் என்பது பாதி மதிப்பெண் அன்று. தேர்வெழுதியோரில் பாதிப் பேரையாவது முந்தியிருக்க வேண்டும் என்று பொருள். 2023 செப்டம்பரில், இடங்கள் காலியாகக் கிடப்பதால், இந்த வரம்பு எல்லாப் பிரிவினருக்கும் பூச்சியமாக்கப்பட்டது. தேர்வெழுதிய அனைவரும் தகுதி பெற்றனர். பத்துப் பர்சென்டைல் தளர்வு தரத்தைக் கெடுக்கும், ஐம்பதும் கைவிடப்பட்டால் கெடாது என்பது என்ன நியாயம்? வரம்பு பூச்சியமாகும்போது, தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டக்கூடியவரே முதலில் பயனடைகிறார். காலனியிலிருந்து வந்த முதல் தலைமுறை மருத்துவருக்கு அந்தக் கதவு அப்போதும் மூடியே இருக்கிறது.

போட்டித் தேர்வு மதிப்பெண்ணே தகுதியின் முழு அளவுகோல் அன்று என்பதை 2022 ஜனவரியில் நீல் அவுரேலியோ நூனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றது. சமூக, பொருளாதார, பண்பாட்டு வசதிகள் அந்த மதிப்பெண்ணில் கலந்திருப்பதை அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

இனி, நம் வட்டாரத்தை நேரடியாகத் தொடும் விதிக்கு வருவோம். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு அளிப்பது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். இந்திய மருத்துவக் கழக விதிகள் அதற்கு இடம் தரவில்லை என்று 2016இல் தினேஷ் சிங் சவுகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எட்டாத, கடினமான பகுதிகளில் பணியாற்றியோருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் மட்டுமே எஞ்சியது. 2019 இறுதியில் அரசு மருத்துவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் இந்த ஒதுக்கீடும் ஒரு கோரிக்கை. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இப்படிப் பட்டம் பெறுவோர் ஊரக, பழங்குடி, மலைப் பகுதிகளில் குறைந்தது ஐந்தாண்டு பணியாற்ற அரசு வகைசெய்ய வேண்டும் என்றும் கூறியது.

இந்த ஒதுக்கீடு தலித் மருத்துவருக்கு ஏன் முக்கியம்? எம்.பி.பி.எஸ். முடித்ததும் குடும்பத்தைத் தாங்க வேண்டியவரால், ஊதியமின்றி ஓரிரு ஆண்டுகள் பயிற்சி மையத்தில் அமர இயலாது. அவர் அரசு வேலைக்கே போகிறார். அரசுக் கல்லூரியில் 100 முதுநிலை இடங்கள் என்று கொள்வோம். 50 அகில இந்தியத் தொகுப்புக்குப் போகும். அத்தொகுப்பில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு கிடைத்ததே 2007இல்தான். மீதமுள்ள 50இல் பாதியான 25 இடங்கள் பணியில் உள்ளோருக்கு. அவற்றில் மாநிலத்தின் 18 விழுக்காட்டைக் கணக்கிட்டால் நான்கைந்து இடங்களே வரும். துறைவாரியாகப் பிரித்தால் மகப்பேற்றுக்கு ஒன்று கிடைப்பதே அரிது. அந்த ஓர் இடம் சுழற்சிப் பட்டியலில் தவறினால், அதைக் கேட்க யாரும் இருப்பதில்லை.

கேட்க வேண்டியவர்கள் நாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நம் கையில் உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மகப்பேறு முதுநிலை இடங்கள் சாதிவாரியாக, பணி ஒதுக்கீடு வாரியாக எப்படி நிரப்பப்பட்டன? பட்டம் பெற்றவர்கள் எங்கே பணியமர்த்தப்பட்டனர்? அருப்புக்கோட்டை, திருச்சுழி மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? இந்த மூன்று கேள்விகளையும் ஒரே மனுவில் கேட்கலாம். சட்டக் கல்லூரி மாணவர் எவரும் அதை எழுதிவிட முடியும். இடஒதுக்கீடு மருத்துவராகப் போகும் நம் பிள்ளைகளின் உரிமை. அது முறையாக நிறைவேறுகிறதா என்று கணக்குக் கேட்பது, 108 வண்டிக்குள் படுத்திருக்கும் பெண்ணுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை.