முதலை அழுகிறதா?

பொய் அழுகையை முதலைக் கண்ணீர் என்கிறோம். மனிதனைத் தின்றபடியே முதலை அழும் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. 14-ஆம் நூற்றாண்டில் மாண்டவில் பெயரில் வந்த பயண நூல் அதைப் பரப்பியது. அந்த நூலில் கட்டுக்கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இந்த ஒன்றில் கொஞ்சம் உண்மை இருக்கிறது!

புளோரிடா பல்கலைக்கழக விலங்கியலாளர் கென்ட் வ்லீட், முதலையின் நெருங்கிய உறவுகளான அலிகேட்டர், கெய்மன் ஏழுக்குத் தரையில் வைத்து இரை கொடுத்துக் கவனித்தார். ஐந்து தின்னும்போதே கண்ணீர் விட்டன. சிலவற்றின் கண்ணில் நுரைகூடப் பொங்கியது. 2007-இல் இது வெளியானது. இரை தின்கையில் உஸ் உஸ்ஸென்று விடும் மூச்சு கண்ணீரை வெளியே தள்ளலாம் என்பது அவர் கருத்து. துக்கமெல்லாம் இல்லை.

தின்னும்போது வரும் இந்தக் கண்ணீர் மனிதருக்கும் உண்டு. முகவாதம் வந்து தேறும் சிலருக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகவேண்டிய நரம்பு வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பியோடு சேர்ந்துகொள்ளும். சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் நீர் வழியும். ரஷ்ய மருத்துவர் பொகோராட் 1920-களில் விவரித்த இந்த நிலைக்கு மருத்துவர்கள் வைத்த பெயரும் முதலைக் கண்ணீர்தான். பாவம், அந்த நோயாளிகள் நடிக்கவில்லை.

நம் ஊரில் பொய் அழுகைக்கு முதலையே தேவைப்படவில்லை. நீலிக் கண்ணீர் என்று சொல்லப் பழங்கதையின் பழையனூர் நீலி இருக்கிறாள்.