ஒரு போன், மூன்று விலை: ‘கொலாப்’ பொருளுக்கு வரி கட்டுவது யார்?

2025-ல் வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தது. வழக்கமான ஜூலை 31 கெடுவை மத்திய நேரடி வரிகள் வாரியம் மே மாதமே செப்டம்பர் 15-க்குத் தள்ளிவைத்துவிட்டது. கூடுதலாகக் கிடைத்த அந்த ஆறு வாரத்தில் சம்பளக்காரர்களைவிட, ரீல்ஸ் போட்டுப் பெயர் வளர்க்கும் இளைஞர்களிடமிருந்துதான் எனக்குக் கடிதங்கள் அதிகம் வந்தன. கேட்கும் விதம் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: “நான் ஒரு ரூபாய்கூடச் சம்பளமாக வாங்கவில்லை. கம்பெனி ஒரு போன் அனுப்பியது, வீடியோ போட்டேன். இப்போது பார்த்தால் என் பான் கணக்கில் வருமானம் ஏறியிருக்கிறது. அந்தத் தொகையும் போன் விலையோடு ஒத்துப்போகவில்லை. யார் செய்த தப்பு?”

யார் செய்த தப்பும் இல்லை என்பதுதான் சங்கடமான பதில். டிடிஎஸ் என்றால் என்ன, 26ஏஎஸ் எங்கே பார்ப்பது, ரிட்டர்னை எந்தத் தளத்தில் போடுவது என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் போன் எப்படி வருமானமானது என்பதற்கு நேராக வந்துவிடலாம்.

‘பர்சனல் பிராண்ட்’ என்ற பேச்சு பரவியது 1997-ல் அமெரிக்காவின் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ இதழில் டாம் பீட்டர்ஸ் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் தன்னையே ஒரு கம்பெனியாக நினைத்து நடத்த வேண்டும் என்றார் அவர். இன்று வார இறுதி வகுப்பு எடுப்பவர்கள் இதையே ‘உங்கள் தனித்துவத்தை உலகுக்குக் காட்டுங்கள்’ என்று மெருகேற்றிச் சொல்கிறார்கள். வரித்துறையின் பார்வையில் மெருகெல்லாம் இல்லை. உங்கள் பெயரைச் சொன்னால் பொருள் விற்கிறதா, அதற்கு ஈடாக உங்களுக்கு ஏதாவது வருகிறதா? அப்படியானால் நீங்கள் தொழில் செய்கிறீர்கள். என் கருத்தில், வகுப்பு எடுப்பவர்களின் விளக்கத்தைவிட இது நேர்மையானது.

அரசு மேடைகளில் வேறு தொனி. 2024 மார்ச்சில் டெல்லி பாரத் மண்டபத்தில் பிரதமர் கையால் தேசியப் படைப்பாளர் விருதுகள் வழங்கப்பட்டன. 2025-ல் படைப்பாளர் பொருளாதாரத்துக்கு நூறு கோடி டாலர் நிதி என்ற அறிவிப்பும் வந்தது. அதே ஆண்டு ஐடிஆர்-3, ஐடிஆர்-4 படிவங்களில் சமூக ஊடக இன்ஃப்ளூயன்சர்களுக்கென்று 16021 என்ற தனித் தொழில் குறியீடும் சேர்ந்தது. இதை ‘அங்கீகாரம்’ என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அங்கீகாரமாகத் தெரியவில்லை. ‘இதர சேவைகள்’ என்ற கும்பலுக்குள் ஒளிந்திருந்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்க்க உதவும் எண் அது.

இனி போனுக்கு வருவோம். 2022 பட்ஜெட்டில் அப்போதைய வருமான வரிச் சட்டத்துக்குள் 194ஆர் என்ற பிரிவு நுழைந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் அமல். அன்று நிதியமைச்சர் சொன்ன காரணம், வியாபாரத்தைப் பெருக்க நிறுவனங்கள் தங்கள் ஏஜென்டுகளுக்குச் சலுகைகளைக் கொடுக்கின்றன, அவை கணக்கில் வருவதில்லை என்பது. டீலருக்குத் தங்க நாணயம், டாக்டருக்கு இலவச மாத்திரை, விற்பனை இலக்கைத் தொட்டவருக்கு வெளிநாட்டுச் சுற்றுலா என்று அப்போதைய பேச்செல்லாம் அந்த வட்டத்தைச் சுற்றித்தான் இருந்தது. சட்டம் வந்து, அது அமலுக்கு வரும் முன்பே, ஜூன் 16-ஆம் தேதி வெளியான 12-ஆம் எண் சுற்றறிக்கையில் இன்ஃப்ளூயன்சர்களும் வலைக்குள் வந்துவிட்டார்கள்.

பிரிவு சொல்வது இதுதான். தொழில் சார்ந்து ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பலனையோ சலுகையையோ ஒரு நிறுவனம் கொடுத்தால், அந்த மதிப்பில் 10 விழுக்காட்டை வரியாகப் பிடிக்க வேண்டும். வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு மதிப்புக்கும் பிடித்தம்.

சம்பளத்தில் பிடிக்கலாம், வட்டியில் பிடிக்கலாம். போனில் எப்படிப் பத்தில் ஒரு பங்கைப் பிடிப்பது? சட்டத்தின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. பொருளை ஒப்படைப்பதற்கு முன்பே வரி கட்டியாகிவிட்டது என்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அது கொடுப்பவர் தலையில் வைக்கிறது. அதற்கு இரண்டு வழிகள். பெறுபவர் தன் கைக்காசைப் போட்டு முன்வரியாகக் கட்டி, சலான் நகலோடு உறுதிமொழியும் தரலாம். இல்லையென்றால், கம்பெனியே கட்டலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடையில் 59,000 ரூபாய்க்கு விற்கும் போன். அதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடக்கம். டிடிஎஸ் கணக்கிட ஜிஎஸ்டியைச் சேர்க்க வேண்டாம் என்று சுற்றறிக்கை சொல்கிறது. ஆக மதிப்பு 50,000. முதல் வழியில் போனால் நீங்கள் 5,000 ரூபாய் கட்ட வேண்டும், அதுவும் போன் கைக்கு வருமுன். இரண்டாவது வழியில், உங்களுக்காகக் கம்பெனி கட்டும் வரியும் உங்களுக்குக் கிடைத்த இன்னொரு பலன் என்று துறை கருதுகிறது. எனவே அந்த வரிக்கும் வரி. மொத்தத்தில் 10 விழுக்காடு வரி போக மீதி 50,000 நிற்க வேண்டும் என்றால் மொத்தம் 55,556 ஆக இருக்க வேண்டும். வரி 5,556. உங்கள் 26ஏஎஸ்-ல் ஏறுவது இந்த 55,556 தான்.

பெட்டியில் 59,000, சட்டத்துக்கு 50,000, பான் கணக்கில் 55,556. கடிதம் எழுதியவர்களில் பலர் குழம்பியது இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

கதை இதோடு முடியவில்லை. பிடித்த 10 விழுக்காடு முழு வரி அல்ல. 55,556 உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்கிறது. நீங்கள் 30 விழுக்காடு அடுக்கில் இருக்கும் ஐடி ஊழியர் என்றால் இதற்கு வரி 16,667. பிடித்தம் போக இன்னும் 11,111 ரூபாயைச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும், செஸ் தனி. வேறு வருமானமே இல்லாத கல்லூரி மாணவி என்றால் வரி பூஜ்யம். 5,556 ரூபாயும் ரீஃபண்டாகத் திரும்பும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பும். போடாதவரின் பணம் கஜானாவிலேயே கிடக்கும். பெறுபவருக்கு வரி வருமா வராதா என்று கொடுப்பவர் பார்க்கத் தேவையில்லை என்று சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. வரி கட்டவே தேவையில்லாதவரிடமும் முதலில் பிடித்துவிட்டு, பிறகு வந்து வாங்கிக்கொள் என்கிற ஏற்பாடு இது. ‘எளிமையான வரி நிர்வாகம்’ என்ற வாசகத்தோடு இது எனக்குப் பொருந்தவில்லை.

இதைவிடத் தொல்லையானது கதவின் மறுபக்கம். பொருளைப் பயன்படுத்தி வீடியோ எடுத்துவிட்டு நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பலனே அல்ல, வரியும் இல்லை. கார், போன், ஆடை, அழகுசாதனம் என்று சுற்றறிக்கை பட்டியலே தருகிறது. பூசிய லிப்ஸ்டிக்கை யார் திரும்ப வாங்கிக்கொள்வார் என்பதை வாரியம்தான் விளக்க வேண்டும். எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்ற கெடுவும் அதில் இல்லை. விளம்பரம் ஒன்றே, உழைப்பு ஒன்றே, கம்பெனிக்குக் கிடைத்த லாபமும் ஒன்றே. வரியைத் தீர்மானிப்பது அந்தப் பெட்டி திரும்பக் கூரியரில் ஏறியதா என்பது மட்டும். கொடைக்கானல் ரிசார்ட்டில் இரண்டு இரவு இலவசமாகத் தங்கியவருக்கு இந்தக் கதவும் கிடையாது. தங்கியதை எப்படித் திருப்பித் தருவது?

இந்த ஏற்பாட்டில் இளைத்தவர் யார் என்பது வாசகர்கள் அனுப்பிய ஒப்பந்த நகல்களைப் பார்த்தாலே தெரிகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘வரிகள் அனைத்தும் பெறுபவர் பொறுப்பு.’ சட்டம் கொடுப்பவர் மேல் வைத்த சுமை, பேரம் பேசும் பலம் இல்லாதவர் தோளுக்கு இறங்கிவிடுகிறது. ஐம்பது லட்சம் பேர் பின்தொடரும் பிரபலம் அந்த வரியை அடிக்கச் சொல்வார். இருபதாயிரம் பேர் பின்தொடரும் மதுரைப் பெண் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

‘ஆரம்பத்தில் இலவசப் பொருளுக்கு வேலை செய், பிராண்ட் வளர்ந்தால் பணம் தானாக வரும்’ என்ற அறிவுரையை அதனால்தான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். 50,000 ரூபாய் போனைவிட 15,000 ரூபாய் ரொக்கம் பல நேரம் மேல். ரொக்கத்துக்கான வரியை ரொக்கத்திலிருந்தே கட்டலாம். போனுக்கான வரிக்குப் போனை விற்க வேண்டியிருக்கும், விற்றால் பாதி விலைதான் கிடைக்கும். உங்கள் பெயருக்குச் சந்தையில் மதிப்பு உண்டா என்பதற்கு லைக் எண்ணிக்கையைவிட நல்ல சோதனை, யாராவது அதற்குப் பில் கேட்டுப் பணம் தருகிறாரா என்பதுதான்.

இன்னொரு துறையையும் மறக்க வேண்டாம். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இலவசப் பொருள், ஓட்டல் தங்கல், தள்ளுபடி எதுவாக இருந்தாலும் அதைப் பார்வையாளருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும். நுகர்வோரைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. சொல்லாமல் விட்டால் ஒரு துறையிடம் மாட்டுவீர்கள். சொல்லிவிட்டு ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் இன்னொரு துறைக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்ததாகும். ‘கொலாப்’ என்று போட்ட ரீல் பொதுவெளியில் தேதியோடு கிடக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுவதே சரி. மறைத்துச் சம்பாதித்த பெயர் ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட்டில் போய்விடும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

20,000-க்குக் கீழே வந்த பொருளுக்கு வரி இல்லைதானே? பிடித்தம்தான் இல்லை. தொழிலில் கிடைத்த பலன் வருமானமே என்று அந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு 1964 முதலே சொல்லிவந்திருக்கிறது.

இளம்பிள்ளையில் தறி வைத்திருப்பவர் சேலை அனுப்பினார், அவரும் பிடிக்க வேண்டுமா? அவர் தனிநபராக இருந்து, முந்தைய ஆண்டு வியாபாரம் ஒரு கோடியைத் தாண்டாவிட்டால் வேண்டாம்.

சம்பளம் வாங்குகிறேன், வார இறுதியில்தான் ரீல்ஸ், ஐடிஆர்-1 போதுமா? போதாது. தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3, அனுமான வரித்திட்டத்தில் போனால் ஐடிஆர்-4.

வரவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டும் 44ஏடிஏ எனக்கு உண்டா? ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேமரா இலவசமாக வந்தது, தேய்மானம் கழிக்கலாமா? அதை வருமானமாகக் காட்டியிருந்தால் கழிக்கலாம். 2022 செப்டம்பர் சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது.

யூடியூப் வருமானத்தில் அமெரிக்க வரி பிடித்திருக்கிறார்களே? அங்குள்ள பார்வையாளர்களால் வந்த பங்குக்கு மட்டும் அது. இங்கே கழித்துக்கொள்ள படிவம் 67 வேண்டும்.

ஜிஎஸ்டி? ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இன்னும் என் பெயரில் காட்டுகிறதே? ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்தப் பதிவு சரியல்ல என்று பின்னூட்டம் கொடுங்கள். கூரியர் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

அடுத்த பெட்டி வருவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: டிடிஎஸ்-க்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு எவ்வளவு, வரியைக் கட்டப்போவது யார், பொருள் உங்களுடையதா திருப்ப வேண்டியதா. தாக்கல் கெடுவைத் தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000.