வேடமிட்ட மரம்! வெளிவராத காரணம்!

கிளை உண்டு, காய்ப்பதில்லை. இலை உண்டு, தளிர்ப்பதில்லை. உச்சி வானை நோக்குகிறது. அடியில் வேர் இல்லை! என்ன மரம் இது என்கிறீர்களா தோழர்களே? மரமல்ல, மரமாக வேடமிட்ட செல்போன் கோபுரம்!

அமெரிக்காவில் இந்த ஒப்பனை 1992-லேயே தொடங்கிவிட்டது. டென்வர் நகரில் பைன் மர உருவில் ஒரு கோபுரத்தை நிறுத்தினார்கள். இரும்புக் கம்பத்தைக் கண்டால் ஊரார் முகம் சுளிக்கிறார்களா? பட்டையை ஒட்டு, கிளையை மாட்டு என்றது வியாபார மூளை!

2010 பிப்ரவரி. ஜார்ஜியா மாநிலத்து ராஸ்வெல் நகரம். வீடுகள் சூழ்ந்த பகுதியில் 2.8 ஏக்கர் காலிமனை. அங்கே 108 அடி உயரத்தில் செயற்கை மரம் நிறுத்த அனுமதி கேட்டது டி-மொபைல் கம்பெனி. நிபந்தனையோடு தரலாம் என்றனர் திட்ட அதிகாரிகள். குடியிருப்போர் எதிர்த்தனர். ஏப்ரல் 12 அன்று இரண்டு மணி நேரம் விசாரணை. இடத்தின் அழகுக்குப் பொருந்தாது, உயரம் மிகுதி, அக்கம்பக்கத்து வீடுகளின் விலை சரியும் என்று சொல்லி, ஒருமனதாக மறுத்தது நகரசபை. மக்கள் வென்றார்கள் என்றுதானே எண்ணுவீர்கள்?

பொறுங்கள்! இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. அனுமதி மறுக்கப்பட்டது, கூட்டக் குறிப்பைக் கேட்டுப் பெறலாம் என்று எழுதினார்கள். ஏன் மறுத்தோம் என்பதற்கு ஒரு வரி இல்லை! காரணம் அடங்கிய முழுக் குறிப்பு வெளிவர மேலும் 26 நாள். வழக்குத் தொடரக் கம்பெனிக்குச் சட்டம் தந்த தவணையோ 30 நாள்தான்!

அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் என்ன சொல்கிறது? கோபுரம் எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்ய ஊருக்கு உரிமை உண்டு. ஆனால், மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் பதிவேட்டில் இருக்க வேண்டும். கதிர்வீச்சு அரசு வகுத்த வரம்புக்குள் இருந்தால், அதைக் காட்டி மறுக்கவும் இயலாது.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை ஏறிற்று. 2015 ஜனவரி 14இல் தீர்ப்பு. 6 நீதிபதிகள் ஒருபுறம், 3 பேர் மறுபுறம். நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: காரணம் கடிதத்திலேயே இருக்க வேண்டியதில்லை, கூட்டக் குறிப்பிலும் இருக்கலாம். ஆனால், மறுப்பும் காரணமும் ஏறத்தாழ ஒரே வேளையில் சென்று சேரவேண்டும். ராஸ்வெல் நகரசபை அதில் தவறியது!

கம்பெனியின் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. கோபுரம் கூடாது, குரல் மட்டும் கேட்கவேண்டும் என்றால் நடக்குமா? நள்ளிரவில் ஆபத்தென்று அழைப்பவனுக்கு அலை வேண்டும். வாழ்நாள் உழைப்பை வீட்டில் போட்டவனுக்குச் சொல்லும் உரிமை வேண்டும். இரண்டையும் எடைபோடத்தானே மன்றம்? எடையைக் காட்டாத தராசை எவர் நம்புவார்?

சங்கக் கூட்டம் நடத்துகிற தோழர்களுக்கு இது தெரியும். கைதட்டல் காற்றோடு கலையும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதே நாளை பேசும். ராஸ்வெல் மக்களுக்கு நாக்கு இருந்தது. சபையில் வாக்கும் இருந்தது. உரிய நாளில் எழுத்து இல்லை!

மரத்துக்கு இட்ட வேடம் அருகே சென்றால் தெரிந்துவிடும். மன்றம் தன் காரணத்தை மூடிவைத்தாலோ, அதன் விலை ஏறத்தாழ 5 ஆண்டு வழக்கு! ஏற்பதானாலும் மறுப்பதானாலும், காரணத்தை அன்றே எழுதுக. எழுதியதை ஊரறியச் செய்க!