முன் சக்கரத்திலிருந்து தொடங்கும் வரைபடம்

மின் மோட்டார்சைக்கிள் வடிவமைப்பு – 6

பெட்ரோல் மோட்டார்சைக்கிளில் எஞ்சினின் நீளமும் உயரமும் சட்டகத்தின் வடிவத்தை மட்டுமன்றி, முன் சக்கரம் நிற்கும் இடத்தையும் பெருமளவு கட்டுப்படுத்துகின்றன. மின் மோட்டார்சைக்கிளைத் தம் பட்டறையிலேயே உருவாக்குபவருக்கு அந்த நெருக்கடி குறைவு. பேட்டரியைப் பகுதிகளாகப் பிரித்து வேண்டிய இடத்தில் அமர்த்த முடிவதால், முன் சக்கரத்துக்குத் தேவையான வடிவியலை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப அடுக்க முடியும். இந்த வாய்ப்பைத் தவறவிட்டு, பேட்டரிப் பெட்டி போக எஞ்சிய இடத்தில், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பொருத்தும் வண்டி, எவ்வளவு ஆற்றல் வாய்ந்ததாயினும் சாலையில் நம்பிக்கை தராது.

இவ்வடிவியலில் மூன்று அளவுகள் முதன்மையானவை. ஹேண்டில்பார் திரும்பும் அச்சு செங்குத்திலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் ரேக் எனப்படும். அந்த அச்சுக்கு முன்னால் சக்கரத்தின் மையம் தள்ளி நிற்கும் தொலைவு ஆஃப்செட். அச்சைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடைப்பட்ட நீளம் டிரெய்ல். தள்ளுவண்டியின் சுழலும் சிறு சக்கரம் தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு நேராவதைப் போல, முன் சக்கரத்தை நேர்த்திசைக்குத் திருப்பிக் கொணர்வது இந்த டிரெய்ல்தான். டயரோடு சேர்த்து 300 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்கு 24 டிகிரி ரேக்கும் 30 மி.மீ. ஆஃப்செட்டும் அமைந்தால் டிரெய்ல் ஏறக்குறைய 101 மி.மீ. ஆகும். பிரேக் பிடிக்கையில் முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயர்ந்து வண்டி 3 டிகிரி சாய்ந்தால், அதே டிரெய்ல் 83 மி.மீ. அளவுக்குச் சுருங்கி, ஹேண்டில்பார் இலகுவாகி, வண்டியின் நேரோட்ட உறுதி குறைகிறது.

அச்சாய்வுக்குக் காரணம் எடைப்பெயர்ச்சி. ஓட்டுநரோடு 200 கிலோ எடையும், 1,400 மி.மீ. சக்கர இடைவெளியும், தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் எடைமையமும் கொண்ட வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 மடங்கு வேகத்தளர்ச்சியோடு நிற்கும்போது ஏறத்தாழ 69 கிலோ சுமை முன் சக்கரத்துக்கு மாறுகிறது. பேட்டரியைக் கீழிறக்கி எடைமையத்தை 500 மி.மீ. உயரத்துக்குக் கொணர்ந்தால் அது 57 கிலோவாகக் குறைகிறது. பின் சக்கரத்தை இயக்கும் மோட்டாரின் மீளாக்க பிரேக்கிங், அதாவது வேகம் குறையும்போது மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் முறை, பின் சக்கரத்தில் மட்டுமே செயல்படுவதால், அவசரத்தில் வண்டியை நிறுத்தும் பொறுப்பின் பெரும்பகுதி முன் சக்கரத்திடமே இருக்கிறது.

இச்சுமையைத் தாங்கும் அமைப்புகளில் மிகப் பரவலானது டெலிஸ்கோபிக் ஃபோர்க். எண்ணெய்த் தணிப்பு கொண்ட இவ்வகையை 1935-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர்12, ஆர்17 வண்டிகளில் கொணர்ந்தது. திருப்புதல், குலுக்கத்தை உள்வாங்குதல், பிரேக் விசையைத் தாங்குதல் ஆகிய மூன்றையும் ஒரே இரு குழாய்கள் ஏற்பதால், பிரேக்கின்போது அவை வளைய முற்பட்டு உராய்வு கூடுகிறது. நார்மன் ஹொசாக் வகுத்த அமைப்போ, சக்கரத்தைத் தாங்கும் நிமிர்தண்டை மேலும் கீழுமாக இரு கைகளால் சட்டகத்தோடு இணைத்து, ஹேண்டில்பாரைத் தனி இணைப்பால் தொடர்புபடுத்துகிறது. கைகளின் சாய்வைக் கொண்டே முன்புறம் தாழும் அளவை மட்டுப்படுத்தலாம். இதே கொள்கையில் அமைந்த டுயோலீவர் 2004-இல் பி.எம்.டபிள்யூ. கே1200எஸ் வண்டியில் இடம்பெற்றது.

ஆனால் ஹொசாக் அமைப்பில் கைகளை நிமிர்தண்டோடு இணைக்கும் பந்து மூட்டுகளில் ஒன்று முறிந்தாலும் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து. மூட்டுகளின் வலிமையைக் கணக்கிட்டுச் சோதிக்க இயலாதவருக்கு, ஏறத்தாழ ஒத்த எடையுள்ள வண்டியிலிருந்து ஃபோர்க், சக்கரம், பிரேக், இரு குழாய்களையும் பிணைக்கும் பிடிகள் ஆகியவற்றை ஒரே தொகுதியாக எடுத்தாள்வதே நேர்மையான தேர்வு. ஓட்டுநர் அமர்ந்த நிலையில் ஃபோர்க் தன் மொத்த இயக்கத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை அமிழுமாறு ஸ்பிரிங்கைத் தேர்ந்து, அந்நிலையிலேயே ரேக்கையும் டிரெய்லையும் அளந்த பிறகே, ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தாங்கும் தலைக்குழாயைச் சட்டகத்தோடு வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்குப் பின் பேட்டரியை நகர்த்தலாம், இருக்கையை மாற்றலாம். தலைக்குழாயின் கோணத்தைத் திருத்தச் சட்டகத்தையே அறுக்க நேரிடும்.

(தொடரும்)