ஒளியிழைகளின் தொலைவு வரம்பு

ஒளியிழையில் தரவு பிழையின்றிச் செல்லக்கூடிய தூரம் இழையின் வகை, ஒளியின் அலைநீளம், தரவு வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. கடைவழக்கில் மல்ட்டிமோட் எனப்படும் பல்முறை இழை கட்டடத்துக்கும் வளாகத்துக்கும் உரியது. சிங்கிள்மோட் எனப்படும் ஒருமுறை இழை ஊர்களை இணைப்பது.

இரண்டுக்கும் வெளிவிட்டம் 125 மைக்ரோமீட்டர்தான். வேறுபாடு ஒளி செல்லும் உள்ளகத்தில் இருக்கிறது. பல்முறை இழையின் உள்ளகம் 50 அல்லது 62.5 மைக்ரோமீட்டர், ஒருமுறை இழையில் சுமார் 9 மட்டுமே. அகன்ற உள்ளகத்தில் ஒளி பல பாதைகளில் செல்வதால், ஒன்றாகப் புறப்பட்ட கதிர்கள் சற்று முன்பின்னாக வந்துசேர்கின்றன. துடிப்பு விரிந்து அடுத்த துடிப்போடு கலக்கிறது. ஒரு கிகாபிட் வேகத்தில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ ஒரு நானோநொடி கிடைக்கும்; 10 கிகாபிட்டில் அதில் பத்தில் ஒரு பங்குதான். எனவே வேகம் கூடக்கூடத் தூரம் குறைகிறது.

பழைய ஓஎம்1 இழை ஒரு கிகாபிட்டில் 275 மீட்டர் வரை செல்லும்; 10 கிகாபிட் எஸ்ஆர் மாட்யூலில் 33 மீட்டர்தான். ஓஎம்3 இழையில் இது 300, ஓஎம்4 இழையில் 400 மீட்டர். நான்கு இணை இழைகளில் செல்லும் 100 கிகாபிட் எஸ்ஆர்4 முறையில் இவையும் முறையே 70, 100 மீட்டராகச் சுருங்குகின்றன. ஆம்பூர்ப் பக்கத் தோல் தொழிற்சாலை ஒன்றில் அலுவலகத்துக்கும் கொட்டகைக்கும் இடையே 250 மீட்டர் ஓஎம்1 இழை கிடக்கிறது என்று கொள்வோம். ஒரு கிகாபிட்டில் குறையின்றி ஓடிய இணைப்பு, 10 கிகாபிட் கருவி மாட்டியதும் நின்றுவிடும். பழைய இழைக்கென்றே வந்த எல்ஆர்எம் மாட்யூலும் 220 மீட்டருக்கு மேல் உறுதி தராது. மீண்டும் பள்ளம் தோண்ட வேண்டியதுதான்.

ஒருமுறை இழையில் பாதை ஒன்றே என்பதால் இந்தக் கலப்பு இல்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஒளி இழப்பு. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்தியை எடுத்துக்கொள்ளலாம். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் வீதம் மொத்த இழப்பு 5 டெசிபெல். அனுப்பிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்ச்சேரும். இணைப்புகளின் இழப்பு தனி. பல்முறை இழையில் 850 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 3 டெசிபெல் என்று கொண்டால் 75 டெசிபெல், அதாவது மூன்று கோடியில் ஒரு பங்கு. 10 கிகாபிட்டில் எல்ஆர் மாட்யூல் 10 கிலோமீட்டருக்கானது. அமிர்திக்கு 40 கிலோமீட்டர் ஈஆர் வகை வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் டான்ஃபிநெட் பணியிலும் ஒருமுறை இழையே பொருந்தும்.

வழக்கமாக ஒருமுறை இழைக்கு மஞ்சள் உறையும், ஓஎம்1, ஓஎம்2 இழைகளுக்கு ஆரஞ்சு உறையும், ஓஎம்3 இழைக்கு வெளிர்நீல உறையும் இருக்கும். பல்முறை இழைக்கான மாட்யூல் விலை குறைவு என்பதால் ஒரே அறைக்குள் அது இன்றும் பயன்படுகிறது. கொட்டகைகளுக்கு இடையே புதிதாகப் புதைப்பதானால் மஞ்சள் இழையே மேல். பின்னாளில் வேகம் கூடினாலும் மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும்.