எந்த உரையிலிருந்து தொடங்குவது?

கத்தோலிக்க நம்பிக்கை என்னதான் சொல்கிறது என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுக்கப்போகிறவர்கள், கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்ததால் பாதி தெரிந்து பாதி தெரியாமல் நிற்பவர்கள், குழந்தையில் திருமுழுக்குப் பெற்றுப் பிறகு கோயில் பக்கமே போகாதவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இலவசமாக இத்தனை உரைகள் கிடக்கின்றனவே, எதிலிருந்து தொடங்குவது? டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம்.

தேடினால் வருபவை எல்லாம் ஒரே வகை இல்லை. மனமாற்ற அனுபவம், வாக்குவாதம், மறைக்கல்வி, செபம் என்று நான்கும் கலந்துதான் வரும். பெரும்பாலானவர்கள் முதலில் போய் விழுவது வாக்குவாதத்தில். மாதாவிடம் வேண்டலாமா, சுரூபம் வைக்கலாமா, திருத்தந்தை தவறே செய்ய மாட்டாரா என்று இருவர் மோதும்போது கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கடவுளைப் பற்றியும் இயேசுவைப் பற்றியும் திருச்சபை என்ன சொல்கிறது என்ற அடிப்படையே தெரியாதவருக்கு அதில் எதுவும் மனதில் நிற்காது. மறைக்கல்வியிலிருந்து, அதாவது திருச்சபையின் போதனையை முறையாகச் சொல்லிக்கொடுக்கும் உரைகளிலிருந்து தொடங்குங்கள். நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான்.

ஆங்கிலம் புரியுமென்றால் பேராயர் ஃபுல்டன் ஷீன் இருக்கிறார். 1930இல் அமெரிக்காவின் என்.பி.சி. வானொலியில் ‘கத்தோலிக்க நேரம்’ நிகழ்ச்சியில் பேசத் தொடங்கி, இருபது ஆண்டுகள் அதில் பேசியவர். 1950களில் தொலைக்காட்சிக்குப் போனார். கையில் குறிப்பு இல்லாமல், ஒரு கரும்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு பேசி எம்மி விருதே வாங்கினார். நான் சொல்ல வருவது அவர் 1965இல் இசைத்தட்டுகளுக்காகப் பதிவு செய்த மறைக்கல்வித் தொடரை. ஏறக்குறைய ஐம்பது உரைகள். இன்று பல இடங்களில் இலவசமாகக் கேட்கலாம்.

அதன் வரிசையைக் கவனியுங்கள். முதல் உரையிலேயே விவிலியத்தைத் திறந்து வைத்து இதை நம்பு என்று அவர் சொல்வதில்லை. மனிதன் எதற்காக வாழ்கிறான் என்று தொடங்குகிறார். அடுத்து மனசாட்சி: தவறு செய்தவனை யாரும் பார்க்காதபோதும் உள்ளே இருந்து ஒரு குரல் ஏன் கேள்வி கேட்கிறது? பிறகு நன்மை தீமை. அதற்குப் பிறகுதான் கடவுள் மனித வரலாற்றுக்குள் வந்தது, கிறிஸ்து, திருச்சபை, திருமுழுக்கு நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் எல்லாம் வருகின்றன. நம்பிக்கை இல்லாதவரும் முதல் சில உரைகளை எந்தச் சங்கடமும் இல்லாமல் கேட்கலாம். அவருடைய சொந்தக் கேள்விகளே அங்கே பேசப்படுகின்றன.

பழைய பதிவு என்பதால் ஓர் எச்சரிக்கை. உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடித் திருச்சபையில் பல மாற்றங்களுக்கு வழிவகுத்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த ஆண்டும் 1965தான். திருப்பலியின் (பூசையின்) புதிய முறை வந்தது அதற்குப் பிறகு. இன்று நாம் கையில் எடுக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1992இல் வந்தது. அந்த நூலிலேயே மரண தண்டனை பற்றிய 2267ஆம் எண்ணை, அத்தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றி எழுதச் செய்தார். ஆகவே எந்த உரையைக் கேட்டாலும் அது எந்த ஆண்டில் பேசப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை விசுவாசம் மாறுவதில்லை. வழிபாட்டு முறையும் சில ஒழுங்குகளும், மரண தண்டனை போன்றவற்றில் போதனையின் விளக்கமும் மாறியிருக்கும்.

விவிலியத்தையே முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் ‘ஓராண்டில் விவிலியம்’ என்ற ஆங்கில ஒலித்தொடர் இருக்கிறது. மினசோட்டா மாநிலத்தின் டுலூத் மறைமாவட்ட அருட்தந்தை மைக் ஷ்மிட்ஸ் 2021 ஜனவரி 1 அன்று தொடங்கியது. வந்த வேகத்திலேயே அமெரிக்காவில் ஆப்பிள் பாட்காஸ்ட் வரிசையில் முதலிடம் பிடித்தது. நாளுக்கு ஒன்றாக 365 பகுதிகள், ஒவ்வொன்றும் இருபது இருபத்தைந்து நிமிடம். முதல் நாள் தொடக்க நூலின் இரண்டு அதிகாரங்களும் ஒரு திருப்பாடலும். வாசிப்பார், செபிப்பார், பிறகு விளக்குவார். சட்டங்கள் நிறைந்த லேவியர் நூல் வரும்போது பலரும் விவிலியத்தை மூடி வைத்துவிடுவது வழக்கம். அங்கே கூட ஒரு குரல் வருவது எவ்வளவு பெரிய துணை என்பது கேட்கும்போதுதான் தெரியும். 2023இல் இதே முறையில் மறைக்கல்வி நூலையும் வாசித்து முடித்தார்.

மனமாற்ற அனுபவங்களை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்டு சபையில் போதகராக இருந்த ஸ்காட் ஹான் 1986 பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாட்டில்) கத்தோலிக்கரானார். அவர் தன் கதையைச் சொன்ன கேசட் கைக்குக் கை மாறி உலகமெல்லாம் போனது. மனதைத் தொடும் உரைதான். ஆனால் அது ஒருவர் வந்த வழி. உங்கள் கேள்விகள் வேறாக இருக்கலாம்.

செபத்துக்கு என்றே ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனின் இயேசு சபையார் 2006 முதல் நடத்திவரும் ‘பிரே அஸ் யூ கோ’. கொஞ்சம் இசை, ஒரு விவிலியப் பகுதி, யோசிக்க இரண்டு மூன்று கேள்விகள், இடையிடையே மௌனம். பத்துப் பதின்மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பஸ்ஸில் போகும்போதே கேட்கலாம்.

தமிழில் இல்லையா என்றால், இருக்கிறது. வானொலி முன்னோடி மார்க்கோனி அமைத்துக் கொடுத்து 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைத்த வத்திக்கான் வானொலிக்குத் தமிழ்ப் பிரிவு உண்டு. புதன்கிழமைதோறும் திருத்தந்தை வழங்கும் மறைக்கல்வி உரையை அங்கே தமிழில் பின்தொடரலாம். மணிலாவிலிருந்து 1969இல் ஒலிக்கத் தொடங்கிய வேரித்தாஸ் வானொலியும் தமிழில் பேசியது. சிற்றலையை 2018இல் நிறுத்திவிட்டு இணையத்துக்கு வந்துவிட்டது. சிற்றலை இரைச்சலில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

எல்லாம் இலவசமென்றால் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்பது நியாயம். சிலவற்றை நன்கொடையாளர்கள் தாங்குகிறார்கள்; சிலவற்றைப் புத்தகம் விற்கும் பதிப்பகங்கள். அதனால் யார் பேசுகிறார், அவருக்குப் பின்னால் எந்த ஆயர் அல்லது எந்தத் துறவற சபை இருக்கிறது என்று பாருங்கள். உரிய திருச்சபை அதிகாரியின் இசைவில்லாமல் எந்த முயற்சியும் கத்தோலிக்கம் என்ற பெயரைச் சூடக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 216ஆம் எண். ஆனால் யூடியூப் அதைப் பார்த்தா அனுமதிக்கிறது? திருத்தந்தையையே சபித்துக்கொண்டு, உண்மையான கத்தோலிக்கம் தன்னிடம்தான் இருக்கிறது என்கிறவரைக் கண்டால் தாராளமாக விலகிவிடலாம்.

ஒரு தொடரை மட்டும் எடுங்கள். முடிக்கும் வரை இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். கேட்கும்போது எழும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதிவு செய்த குரல் உங்கள் கேள்விக்குத் திரும்பப் பதில் சொல்லாது. திருமுழுக்கையோ ஒப்புரவையோ (பாவமன்னிப்பையோ) அது தரவும் முடியாது. பத்துக் கேள்வி சேர்ந்ததும் பக்கத்துப் பங்குக் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். திருப்பலியில் யாரும் உட்கார்ந்து பங்கேற்கலாம். நற்கருணை வாங்குவதற்கு மட்டும் எழுந்து போக வேண்டாம். முடிந்ததும் பங்குத்தந்தையிடம் அந்த நோட்டைக் காட்டி, உட்கார்ந்து பேச ஒரு நேரம் கேளுங்கள்.