கொதிக்க வைத்தால் எல்லாம் நீங்குமா?

கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் தீங்கெல்லாம் நீங்கிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரி. கரைந்துள்ள உப்புக்களைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது.

கறியுப்பு, நேரேற்றமும் மறையேற்றமும் கொண்ட நுண்துணிக்கைகள் ஒன்றையொன்று கவர்ந்து அடுக்கப்பட்ட பொருளாகும். இத்துணிக்கைகளே அயன்கள். நீர் மூலக்கூற்றின் ஒரு பக்கம் சிறிது நேராகவும் மறுபக்கம் சிறிது மறையாகவும் இருப்பதால், நீர் அயன்களைச் சூழ்ந்து பிரித்தெடுக்கிறது. அயன்களின் பிணைப்பை நீர் வென்றால் உப்புக் கரையும், இல்லையேல் கரையாது. ஒரு லீற்றர் நீரில் கறியுப்பு ஏறத்தாழ 360 கிராம் கரையும். சுண்ணக்கல்லோ ஒரு கிராமின் நூறில் ஒரு பங்களவே கரையும்.

அப்படியானால் யாழ்ப்பாணக் கிணறுகளில் சுண்ணாம்பு எவ்வாறு வந்தது? மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று, சுண்ணக்கல்லைக் கரையக்கூடிய இருகாபனேற்றாக மாற்றுகிறது. கொதிக்கும்போது அவ்வாயு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் கரையாப் பொருளாகிக் கேத்தலின் அடியில் படிகிறது.

நைத்திரேற்று அப்படிப் படியாது. சாதாரண நைத்திரேற்று உப்புக்கள் அனைத்தும் நீரில் இலகுவாகக் கரைவன. யூரியா, எரு, மலசலகூடக் கழிவு ஆகியவை மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றன. களித் துணிக்கைகளும் நைத்திரேற்றும் மறையேற்றமுடையவை. ஆகவே மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. பயிர் எடுக்காத மிச்சம் நீரோடு கிணற்றைச் சேரும். வடித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடவே செய்யும். நிறமும் மணமும் அதைக் காட்டிக்கொடுக்கமாட்டா.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதை மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். உயிராபத்தும் நேரலாம்.

ஆகவே,

1. குழந்தைக்கு முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பால்மா தவிர்க்க முடியாதாயின், கிணற்று நீரை முதலில் பரிசோதிப்பியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழிகாட்டுவார்.

2. புதிய காணியில் மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து நூறடிக்குக் குறையாத தூரத்தில் வெட்டுங்கள். சுண்ணக்கல் வெடிப்புள்ள நிலத்தில் அதுவும் போதாமற் போகலாம், இயன்றளவு விலக்குங்கள்.

3. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பசளையை ஒரேயடியாகக் கொட்டாது, பிரித்துப் பிரித்து இடுங்கள். இட்டவுடன் மிதமிஞ்சி நீர் இறைக்காதீர்கள்.

4. கிருமிகளுக்காக நீரைக் கொதிக்க வைப்பதை எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள்.

பசளையை அளந்து இடுபவருக்குக் காசும் மிச்சம், அயலவரின் கிணற்றுக்கும் காவல். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை.